சமாதானத்துக்கு இசையாத பிள்ளை

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மாமல்லபுரத்தில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட் போட்டியின் பத்தாம் சுற்றில், இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதற்பலகையில் ஆடிய 16 வயதுப் பிள்ளை ஒருவர், வென்றிருக்க வேண்டிய ஓர் ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் நோடிர்பெக் அப்துசத்தோரோவிடம் தோற்றார். முதல் எட்டு ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் வென்று, எட்டாவதில் அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவையே வீழ்த்தி, ஒன்பதாவதை மட்டும் டிராவாக விட்டவர் அவர். பத்தாம் சுற்றிலும் நெடுநேரம் மேலோங்கியே இருந்தார். அந்த மேன்மை மெல்லக் கரைந்து, ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்ட பிறகும், கைகொடுத்து எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. கடிகாரம் நெருக்கிக்கொண்டிருந்த வேளையில் வெற்றியையே நாடி மேலே மேலே சென்று, ஒரு தவறான நகர்த்தலில் எல்லாவற்றையும் இழந்தார். அந்த மோதல் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. அவர் டிரா செய்திருந்தால் நம்முடைய அணி ஜயித்திருக்கும். கடைசியில் உஸ்பெகிஸ்தான் தங்கத்தையும், நம் பிள்ளைகள் வெண்கலத்தையும் பெற்றார்கள். முதற்பலகை ஆட்டக்காரர்களுக்கான தனிநபர் தங்கம், 11 ஆட்டங்களில் 9 புள்ளி பெற்ற அந்தப் பிள்ளைக்கே கிடைத்தது என்றாலும், அன்று அதில் அவர் அதிகம் ஆறுதல் அடைந்திருப்பார் என்று தோன்றவில்லை.

டி. குகேஷின் வரலாற்றை அவருடைய வெற்றிகளில் தொடங்காமல் இந்தத் தோல்வியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூரில் அவரை உலக சாம்பியனாக்கிய குணமும், மாமல்லபுரத்தில் அவரைக் கவிழ்த்த குணமும் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு எங்கள் ஊரிலேயே நேர்ந்தது. ஆழ்வார்திருநகரி, படித்துறைகளிலும் மண்டபங்களிலும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் கட்டம் கீறிப் பழகிய தாமிரவருணிக் கரை ஊர். செஸ் பலகை இங்கே பள்ளிக்கூடம் வழியாகப் பிந்தி வந்த விருந்தாளி. ஆனாலும் 2024 டிசம்பரில் டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் இந்த விஷயத்தில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. “அந்தச் சீனாக்காரன் யானையக் கொண்டு தப்பா வச்சாம்லா, அதாம்லே நம்ம பயலுக்குப் பட்டம்” என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தார்கள். பட்டம் ஊருக்கு வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். அது தானாக விழுந்த பழம் என்பதிலும் எல்லாருக்கும் சம்மதம். அந்தத் தீர்ப்பு முழுதும் பொய்யன்று, ஆனால் பாதி மெய்தான் என்பதைக் காட்ட, கதையைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும்.

குகேஷ் 2006 மே 29 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை மருத்துவர். தாய் பத்மா, நுண்ணுயிரியல் துறையைச் சார்ந்தவர். பள்ளி முடிந்து பெற்றோர் வந்து அழைத்துச் செல்லும்வரை பிள்ளை சும்மா இருக்க வேண்டாம் என்று, மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் செஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அப்போது அவருக்கு ஏழு வயது. அதே 2013ஆம் ஆண்டில்தான் சென்னையில் விசுவநாதன் ஆனந்தும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். கண்ணாடி அறைக்குள் அமர்ந்து அவ்விருவரும் ஆடியதைப் பார்வையாளர் வரிசையிலிருந்து கண்ட சிறுவர்களில் குகேஷும் ஒருவர். ஆனந்த் அப்போட்டியில் பட்டத்தை இழந்தார். ஊரெல்லாம் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கண்ணாடிக்கு உள்ளே ஒருநாள் தாம் அமர வேண்டும் என்று ஒரு குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனந்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன் காலத்தில், சென்னையில் இந்த ஆட்டம் ஒரு சிறு கூட்டத்தின் வித்தையாகவே இருந்தது. 1972இல் சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் தோன்றி, ருஷ்யப் புத்தகங்களும் பலகைகளும் கைக்கெட்டின. அங்கே ஆடிப் பழகிய ஆனந்த், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டராகி, பின்னர் ஐந்து முறை உலக சாம்பியனுமானார். இன்று இந்தியாவில் கிராண்ட் மாஸ்டர்கள் எண்பதுக்கு மேல். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்கள் தமிழ்நாட்டவர். இத்தனையும் ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தது.

கிராண்ட் மாஸ்டர் என்பது உலகச் செஸ் சம்மேளனம் அளிக்கும் உயர்ந்த பட்டம். அதைப் பெற 2500 தரப்புள்ளியை எட்ட வேண்டும். அதோடு, பலமான எதிரிகள் கலந்துகொள்ளும் போட்டிகளில் மூன்று முறையாவது கிராண்ட் மாஸ்டருக்குரிய தரத்தில் ஆடிக் காட்ட வேண்டும். இதற்காகத் தேசந்தேசமாகச் சுற்றியாக வேண்டும்; சுற்றுவதற்குப் பணமும், கூடவே ஒரு பெரியவரும் வேண்டும். நான்காம் வகுப்புக்குப் பின் குகேஷ் முழுநேரப் பள்ளியை விட்டார். தந்தை தம்முடைய மருத்துவத் தொழிலைப் பெரிதும் நிறுத்திவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். குடும்பம் தாயின் சம்பளத்தில் நடந்தது. 2019 ஜனவரி 15 அன்று டில்லியில், 12 வயதும் 7 மாதமும் 17 நாளும் ஆனபோது, அவருக்கு அந்தப் பட்டம் உறுதியாயிற்று. உலகிலேயே மிக இளையவர் என்ற, உக்ரைனுக்காக ஆடிய காலத்துச் செர்கேய் கர்யாகினின் பழைய பெருமை 17 நாளில் தப்பிப் போனது. அது தப்பியதும் ஒருவகையில் நன்மையே என்பேன். பிஞ்சிலேயே புகழ் மிஞ்சினால் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை.

இனி, இந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளினின்றும் வேறுபட்ட இடத்துக்கு வருகிறேன்.

இக்காலத்தில் செஸ் பழகும் குழந்தை, பலகைக்குப் பக்கத்தில் கணினியையும் வைத்துக்கொண்டே பழகுகிறது. ‘என்ஜின்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கணினி நிரல், எந்த நிலையைக் காட்டினாலும், இன்னாருக்கு இவ்வளவு அனுகூலம், அடுத்துச் செய்ய வேண்டியது இது என்று நிமிஷத்துக்குள் சொல்லிவிடும். 1997இல் கணினி ஒன்று, அன்றைய சாம்பியன் காஸ்பரோவையே தோற்கடித்தது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியோடு ஆடி எந்தச் சாம்பியனும் வெல்ல முடியாது. அத்தகைய ஆசானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். குகேஷின் பயிற்சியாளரான கிராண்ட் மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா அதைச் செய்தார். சிறுவர் 2500 தரப்புள்ளியைத் தாண்டும்வரை, என்ஜினைத் தொடவே கூடாது என்று வைத்துவிட்டார். நிலையைப் பார், நீயே கணக்கிடு, உன் முடிவுக்கு நீயே பொறுப்பேற்றுக்கொள் என்பதே பாடம்.

இதன் பலன் என்ன? என்ஜினோடு வளர்ந்தவன், ஒரு நிலை ‘சமம்’ என்று அது சொல்லக் கேட்டுக் கேட்டு, சமமான நிலையைக் கண்டதும் ஆட்டம் முடிந்துவிட்டதாகவே எண்ணப் பழகிவிடுகிறான். இயந்திரத்தின் கண்ணுக்குச் சமமாக இருப்பது, ஐந்து மணி நேரம் ஆடிக் களைத்த மனிதனுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. டிரா செய்வதற்குரிய வழி ஒன்றே ஒன்றாக இருக்கலாம்; அதையும் பத்து முறை, இருபது முறை தவறாமல் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கலாம். சமம் என்று யாரும் காதில் ஓதாமல் வளர்ந்த குகேஷுக்கு, அத்தகைய நிலைகள் இன்னும் கேள்விகள் மிச்சமிருக்கும் நிலைகளாகவே படுகின்றன. எதிராளி விடை சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று அமர்ந்துவிடுகிறார்.

அமர்வதிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பலகையைப் பாராமல், கண்களை மூடிக்கொண்டு, நெடுநேரம் அசையாதிருப்பார். காய்கள் மனத்துக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கோலத்தைத் தொலைக்காட்சியில் கண்டதும் எங்கள் ஊர்க்காரருக்கு யார் நினைவு வரும் என்று சொல்லத் தேவையில்லை. பிறந்தது முதல் பதினாறு ஆண்டுகள் வாய்திறவாமல் திருப்புளியடியில் எழுந்தருளியிருந்தார் என்று குருபரம்பரை கூறும் நம்மாழ்வாரின் சந்நிதி எங்களுடையது. ஆனால் அது யோகம், இது விளையாட்டு. ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது அபசாரம்.

ஆனந்த் இளமையில் மின்னல் வேக ஆட்டக்காரர். எதிராளி மணிக்கணக்கில் யோசிக்க, அவர் நிமிஷங்களில் ஆடி முடித்துவிட்டு உலாவிக்கொண்டிருப்பார். கார்ல்சனோ, கணக்கிடுவதற்கு முன்பே சரியான கட்டம் விரல்நுனிக்குத் தெரிந்துவிடும் பிறவி. குகேஷின் பலம் அவ்விரண்டும் அன்று. இவர் செய்வது உழைப்பு: இப்படிப் போனால் அவன் அப்படி, அப்படி வந்தால் நான் இப்படி என்று கிளைகிளையாக, வெகுதூரம், சலிப்பில்லாமல் எண்ணிச் செல்லும் கணக்கு. ஆகவே நேரம் தாராளமாக உள்ள ஆட்டங்களில் அவர் அபாயமானவர். நேரம் சுருங்கிய ரேபிட், பிளிட்ஸ் ஆட்டங்களில் அவருடைய தரம் அதற்குக் கீழேயே இருந்து வந்திருக்கிறது. நீண்ட ஆட்டங்களிலும்கூட, எண்ணி எண்ணிக் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு முடிவில் அவதிப்படுவது உண்டு.

2024 ஏப்ரலில் டொராண்டோ நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் இந்தப் பலவீனம் ஒருமுறை வெளிப்பட்டது. உலக சாம்பியனை எதிர்க்கும் உரிமைக்காக எட்டுப் பேர், ஒவ்வொருவரோடும் இருமுறை என்று 14 சுற்றுகள் ஆடும் போட்டி அது. ஏழாம் சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் குகேஷ் தோற்றார். ஒரு நாள் ஓய்வு. பதினேழு வயதுப் பிள்ளை அந்த ஒரு நாளில் உடைந்துபோயிருக்கலாம். அவரோ, போட்டி முழுவதிலும் தாம் மிகத் தெளிவாக உணர்ந்தது அந்தத் தோல்விக்குப் பின்னர்தான் என்று பிற்பாடு சொன்னார். எட்டாம் சுற்றில் வித்திட் குஜராத்தியை வென்றார்; பதின்மூன்றாம் சுற்றில் அதே ஃபிரூஜாவையும் வென்றார்; 9 புள்ளிகளோடு தனியாக முதலிடம் பெற்றார். கருவானா, நகமுரா, நெபோம்னியாஷி ஆகிய மூன்று மகாரதர்களும் அரைப் புள்ளி பின்தங்கி நின்றார்கள். கேண்டிடேட்ஸ் போட்டியை இவ்வளவு சிறிய வயதில் வென்றவர் அதற்கு முன் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில், பத்து ஆட்டங்களில் 9 புள்ளி பெற்று, இந்தியாவுக்கு முதல் ஒலிம்பியாட் தங்கம் கிடைக்கப் பெரும்பங்கு வகித்தார்; மாமல்லபுரத்துக் கணக்கு அங்கே தீர்ந்தது எனலாம்.

பிறகு சிங்கப்பூர். சீனாவின் டிங் லிரென், 2023இல் பட்டம் பெற்றபின் உடல்நலமும் மனநலமும் குன்றி, பல மாதங்கள் ஆடாமலே இருந்தவர். இந்தப் போட்டியில் அவர் எளிதில் வீழ்ந்துவிடுவார் என்றே பலரும் ஜோசியம் சொன்னார்கள். முதல் ஆட்டத்திலேயே, கருப்புக் காய்களோடு ஆடி, குகேஷைத் தோற்கடித்து அந்த ஜோசியங்களை டிங் பொய்யாக்கினார். மூன்றாம் ஆட்டத்தைக் குகேஷ் வென்று சமன்செய்தார். அடுத்து வரிசையாக ஏழு டிரா. விஷயம் தெரியாதவர்களுக்கு இது சப்பென்று தோன்றியிருக்கும். ஆறாம் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியிராது. அதில் டிங், ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து டிராவுக்கு வழிகாட்டினார். குகேஷின் நிலை கடுகளவு தாழ்ந்தே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான். ஒப்புக்கொள்ளாமல் ராணியை வேறு கட்டத்துக்கு நகர்த்தி, ஆட்டத்தைத் தொடர்ந்தார். அந்த ஆட்டமும் கடைசியில் டிராதான். ஆயினும், தமக்கு எதிரே இருப்பவன் எந்த நாளிலும் சீக்கிரம் வீடு திரும்ப விடமாட்டான் என்ற செய்தி டிங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினோராம் ஆட்டம் குகேஷுக்கு, பன்னிரண்டாம் ஆட்டம், மிக அழகாக ஆடிய டிங்குக்கு, பதின்மூன்று டிரா. ஆறரைக்கு ஆறரை என்ற நிலையில், 2024 டிசம்பர் 12 அன்று கடைசி ஆட்டம் தொடங்கியது.

டிங்குக்கு வெள்ளை. டிரா ஆனால் மறுநாள் ரேபிட் ஆட்டங்களில் பட்டம் முடிவாகும். அவற்றில் கை ஓங்கியிருப்பவர் தாமே என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காய்களை வெட்டிக் குறைத்து, சமாதானத்தை நோக்கியே ஆட்டத்தை நடத்தினார். முடிவில் இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். இந்த நிலை டிரா என்று பாடப்புத்தகமே சொல்லும். உலகம் முழுவதும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் டைபிரேக்கரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். குகேஷ் மட்டும் மேலும் மேலும் ஆடிக்கொண்டிருந்தார். அவரிடம் நேரம் தாராளமாக இருந்தது. டிங்கின் கடிகாரத்தில் கொஞ்சமே மிச்சம். 55ஆம் நகர்த்தலில், யானையை யானைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார் டிங். அவருடைய மந்திரி பலகையின் மூலையில் ஒரே ஒரு கோணற்பாதையில் நின்றுகொண்டிருந்தது. யானைகள் வெட்டுண்டதும், அந்தப் பாதையின் நடுவே கருப்பு மந்திரி வந்து நின்றால், வெள்ளை மந்திரிக்கு விலகிப் போகவும் இடமில்லை. அவையும் வெட்டுண்டாக வேண்டும். பின்பு எஞ்சுவன ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பதே வெற்றி. குகேஷ் இதைக் கண்டுகொள்ளச் சில விநாடிகள் ஆயின. கண்டதும் அவர் முகம் மாறியது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று நகர்த்தல்களுக்குப் பின் டிங் கைகொடுத்தார். ஏழரைக்கு ஆறரை. பதினெட்டு வயதில் உலக சாம்பியன். 1985இல் காஸ்பரோவ் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 22. எதிராளி எழுந்து போனபின், குகேஷ் காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கிவைத்துவிட்டு அழுதார்.

முன்னாள் சாம்பியன் கிராம்னிக் முதலிய சிலர் இந்தப் போட்டியின் தரத்தைக் கடுமையாகக் குறைகூறினார்கள். டீக்கடைத் தீர்ப்புக்கு அந்த அளவில் பெரிய மனிதர்களின் ஆதரவும் உண்டு. டிங் செய்தது பெரும்பிழையே, மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்ய ஒரு சந்தர்ப்பம் வேண்டுமல்லவா? நாற்பதாம் நகர்த்தல் முடிந்ததும் கைகுலுக்கி எழுந்திருந்தால் 55ஆம் நகர்த்தல் என்று ஒன்று வந்திராது. பதினான்கு ஆட்டங்களாகத் தொடர்ந்து விடை சொல்லச் சொல்லிக் களைக்கவைத்தவனுக்கே அந்தப் பிழை கிடைத்தது. மாமல்லபுரத்தில் இதே பிடிவாதம் அவருடைய கையிலிருந்தே பிழையை வரவழைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

பட்டத்துக்குப் பின் வந்த ஆண்டு அவருக்குச் சுகமாக இல்லை. 2025 ஜனவரியில் வைக் ஆன் ஸே போட்டியில் சம புள்ளியோடு நின்று, டைபிரேக்கரில் பிரக்ஞானந்தாவிடம் முதலிடத்தை இழந்தார். ஜூனில் நார்வேயில், தோற்கவேண்டிய நிலையிலிருந்து மீண்டு கார்ல்சனை வென்றபோது, கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தியதை உலகம் பார்த்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தாம் தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் என்று குகேஷே ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் சமர்க்கந்தில் தொடர்ச்சியாக மூன்று ஆட்டங்களைத் தோற்றார். அவரை வென்றவர்களில் இருவருக்கு வயது பதினாறு. நவம்பரில் கோவா உலகக் கோப்பையில், மூன்றாம் சுற்றோடு வெளியேறினார். சாம்பியனோடு டிரா செய்தாலே போதும் என்று யாரும் இப்போது நினைப்பதில்லை; எதிராளிகளும் சமாதானத்தை மறுக்கத் தொடங்கிவிட்டார்கள் போலும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் பிறந்தவருக்குக் கிடைத்த வசதிகள், பயிற்சியாளர்கள், அன்றாடம் பலமான எதிரிகள் இவையெல்லாம் திருச்செந்தூர் ரயில்பாதையில் வசிக்கும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மை. நாகர்கோவிலில் பிறந்த ஷியாம் நிகில் 2012லேயே 2500 தரப்புள்ளியை எட்டியும், மூன்றாவது தகுதிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து 2024இல் துபாயில் கிராண்ட் மாஸ்டரானார். மதுரைத் திருநகரின் அரவிந்த் சிதம்பரத்தைத் தாய் ஒருவரே ஆயுள் காப்பீட்டு முகவராக உழைத்து வளர்த்தார். வழி நீளம், ஆனால் அடைபட்டதன்று.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிங்கப்பூரின் பதினான்காம் ஆட்டத்தின் நகர்த்தல்கள் எங்கும் கிடைக்கின்றன. வீட்டில் செஸ் தெரிந்த குழந்தை இருந்தால், பலகையில் காய்களை அடுக்கி, 55ஆம் நகர்த்தல்வரை ஆடிக்காட்டிவிட்டுத் தாளை மூடிவிடுங்கள். கைப்பேசியையும் எடுத்து உள்ளே வையுங்கள். கருப்புக்கு இப்போது என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, பத்து நிமிஷம் வாய்திறவாமல் இருங்கள். பெரும்பாலும் குழந்தை நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.